பக்திவிருத்தி: ஒரு சொல்லும் ஆனேக்கல் ஜெபக்கூட்டமும்

ஆனேக்கல் தாலுகாவில், சந்தாபுரா, அத்திபெலே, ஜிகணி பக்கம் நடக்கும் தமிழ் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘பக்திவிருத்தி’. “இன்னிக்குக் கூட்டம் ரொம்பப் பக்திவிருத்தியா இருந்துச்சு” என்றால், பிரசங்கம் கேட்டவரின் மனம் நெகிழ்ந்தது என்று பொருள். தனி ஆளின் உள்ளத்தில் நேரும் நெகிழ்ச்சிக்கே அது பெயராகிவிட்டது. வேதாகமத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. இந்தப் பொருட்சரிவோடு கிறிஸ்தவ உள்வளர்ச்சியை அளக்கும் நம் அளவுகோலும் சரிந்துவிட்டது என்பதே என் வாதம்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஒய்கொதொமே’. ‘ஒய்கொஸ்’ என்றால் வீடு. முழுச்சொல்லுக்கு வீடு கட்டுதல் என்று பொருள். கொத்தனாரின் தொழிற்சொல்லைப் பவுல் சபைக்கு எடுத்தாண்டார். பவர் ஐயர் முன்னின்று திருத்தி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம், 2 கொரிந்தியர் போன்ற சில இடங்களில் கட்டுதல் என்ற பொருளை அப்படியே காத்தாலும், பெரும்பாலும் அதைப் பக்திவிருத்தி என்றே தருகிறது. கன்னட வேதாகமத்திலும் ‘பக்திவிருத்தி’தான், தெலுங்கில் ‘க்ஷேமாபிவிருத்தி’. மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் ஆனேக்கலில் மூன்று வேதாகமங்களிலும் கட்டடம் மறைந்து வளர்ச்சி வந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்களை நான் குறைசொல்லவில்லை. நாயன்மாரும் ஆழ்வாரும் பண்படுத்திய ‘பக்தி’ என்னும் நிலத்தில் அவர்கள் அச்சொல்லை நட்டார்கள். அதனால்தான் அது வேர்பிடித்தது. ஆனால் செடி தானாகவே வளரும் என்று எண்ணிவிடலாம்; சுவரைப் பற்றி அப்படி எண்ண முடியாது. கல்லின்மேல் கல் அமர வேண்டும்.

1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் இது கூர்மையாகத் தெரிகிறது. விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாமா என்பது கேள்வி. விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற தெளிவு சிலருக்கு இருந்தது. பவுல் அந்தத் தெளிவை மறுக்கவில்லை. அறிவு ஊதிப்பெருக வைக்கும், கட்டி எழுப்புவது அன்பே என்கிறார். 10ஆம் வசனத்தில், அறிவாளி உண்பதைப் பார்க்கும் பலவீனனின் மனச்சாட்சி கெட்ட வழியில் துணிவதற்கும் அதே கட்டுதல் வினையையே ஆள்கிறார். தமிழில் அங்கே ‘துணிவு’ என்று வருவதால் இந்தக் குத்தல் நம் காதில் விழுவதில்லை. தன் உள்ளம் உயர்ந்ததாக நினைப்பவன் அடுத்தவனைக் கோணலாகக் கட்டிவிடலாம் என்பது அதன் உட்கிடை. 14ஆம் அதிகாரத்தில் தன்னைத் தானே கட்டிக்கொள்வதைப் பவுல் தள்ளவில்லை. ஆனால் சபையைக் கட்டுவதற்குக் கீழேதான் வைக்கிறார். ரோமர் 14 இதை ஒருவருக்கொருவர் செய்யும் வேலையாகவே சொல்கிறது.

அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்ன இயேசுவின் போதனை இதற்கு முரணல்லவா என்று கேட்கலாம். முரணில்லை. பூட்டிய கதவு பிறர் பார்வைக்காகச் செய்யும் பக்தியைத் தடுக்கிறது, பிறரைத் தடுக்கவில்லை.

வெளியே நின்று உள்ளத்தை அளக்கும் முயற்சி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனேக்கலும் அடங்கிய மைசூர் சமஸ்தானத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்த பிரெஞ்சுக் குரு அபே துபுவா, 1823இல் ஊர் திரும்பி, இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்களை வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பில் சேர்ந்தவர்கள் இருநூறு, முந்நூறு பேர். அவர்களிலும் மெய்யான கிறிஸ்தவர்களைக் காண்பது அரிது என்பது அவர் தீர்ப்பு. பாளையங்கோட்டையில் படைக்குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் 1824இல் மறுப்பு எழுதினார். துபுவாவின் உழைப்பை மதிக்கிறேன். மைசூரில் அம்மை குத்துதலைப் பரப்பியவர் அவர். ஆனாலும் அவர் கணக்கில் ஆட்கள் தனித்தனியே எண்ணப்பட்டார்கள். ஒருவர் இன்னொருவரை எப்படித் தாங்கினார் என்பதற்கு அதில் இடமில்லை. இன்று நம் கூட்டங்களில் மனை வாங்கியது, வேலை கிடைத்தது, உபவாச நாள்கள் என்று வளர்ச்சியை எண்ணும்போது, நம்பிக்கையோடு எண்ணுகிறோம் என்பதைத் தவிர, நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

சந்தாபுராவில் ஒரு சனிக்கிழமை இரவு. ஒற்றை அறை, கோரைப்பாய், சுவரோரம் ஷிப்ட் முடிந்து வந்தவர்களின் சாப்பாட்டுப் பைகள். சாட்சி நேரத்தில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஓர் அக்கா எழுந்தார். டேங்கர் தண்ணீர் பிடிப்பதில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவோடு சண்டை. ஒரு மாதமாகப் பேச்சில்லை. “இந்த வாரம் அவங்களுக்கு மேலுக்கு முடியல. அவங்க குடத்தையும் நானே புடிச்சு வாசல்ல வெச்சேன். பேசல. வெச்சிட்டு வந்துட்டேன். அவ்ளோதான், ஸ்தோத்திரம்.”

அடுத்து எழுந்த தம்பிக்குக் கம்பெனியில் பெர்மனென்ட் ஆகியிருந்தது. அறையே ஸ்தோத்திரத்தால் அதிர்ந்தது. அக்கா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது அடுத்த வாசற்படியில் ஒரு பிளாஸ்டிக் குடம் மூடியோடு இருந்தது. அன்றைய தண்ணீரையும் அவர் பிடித்து வைத்திருந்தார்.