மஞ்சளான கள்ளியும் கும்பினியின் சிவப்பும்

ஆனி மாசக் கடைசியில அம்மாகிட்ட இருந்து போன். "உன் கள்ளிச்செடி மஞ்சளாப் போச்சுடா. தண்ணி ஊத்தட்டுமா?"

"ஊத்தாதீங்கம்மா, தொடவே தொடாதீங்க"ன்னு கத்தினேன். பக்கத்து சீட்காரன் திரும்பிப் பார்த்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி தூத்துக்குடி போற வழியில ரோட்டோரத்துல ஒடிச்சுட்டு வந்த ஒரு மடல் அது. தென்காசி வீட்டு மொட்டைமாடியில சிமெண்ட் தொட்டியில வச்சு, ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு ஏழாகி, போன கோடையில மஞ்சப் பூவெல்லாம் பூத்திருந்துச்சு. சப்பாத்திக்கள்ளிதான். மடல் சப்பாத்தி மாதிரி இருக்கறதால ஒரு பேர், படமெடுத்த பாம்பு மாதிரி இருக்கறதால நாகதாளின்னு இன்னொரு பேர்.

பின்னாடி இருந்து ஆச்சி குரல் கேட்டுச்சு. "மஞ்சளானா ஆகட்டும்ல. எங்க அப்பா காலத்துல இது எப்ப மஞ்சளாகும்னு காத்துக் கிடந்தாங்களாம்."

ஆச்சிக்கு எண்பது தாண்டிடுச்சு, ஏதோ ஞாபகத்துல சொல்றாங்கன்னு அப்ப விட்டுட்டேன். அது தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில தொட்டி முன்னாடி உக்காந்தேன். கள்ளி மஞ்சளாகறதுக்கு நாலஞ்சு காரணம் உண்டு. அடியில இருந்து மஞ்சளாகி, அமுக்கினா கொழகொழன்னு இருந்தா வேர் அழுகல். குற்றாலச் சாரல் அடிக்கிற ஊர்ல முதல் சந்தேகம் இதுமேலதான். செங்கோட்டைக் கணவாய் வழியா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தூத்தல் போட்டுக்கிட்டே இருந்தா தொட்டி மண்ணு காயவே காயாது. சுருங்கி, மெலிஞ்சு மஞ்சளானா தாகம். வெயில் படற பக்கம் மட்டும் வெளுத்து தோல் மாதிரி ஆனா வெயில் கருகல்.

என்னோடது இதுல எதுவுமே இல்லை. அடிமடல் கெட்டியா இருக்கு, வேரும் வெள்ளையா ஆரோக்கியமா இருக்கு. மேல் மடல்கள்ல மட்டும் திட்டுத்திட்டா மஞ்சள். ஒவ்வொரு திட்டு நடுவுலயும் பஞ்சை ஒட்டி வச்ச மாதிரி வெள்ளைப் பொட்டு. குச்சியால ஒண்ணை நசுக்கினேன். ரத்தம்! நெஜமாவே ரத்தச் சிவப்பு.

ஆபீஸ்ல "பக்" பிடிக்கிறதுதான் பொழைப்பு. வீட்டுக்கு வந்தா இங்கேயும் பக்கா :-)

இதுக்குப் பேரு கொச்சினீல். பெண் பூச்சிக்கு றெக்கை கிடையாது. மடல்ல ஊசி மாதிரி வாயைக் குத்திட்டு, மேல மெழுகுப் பஞ்சைப் போத்திக்கிட்டு, ஆயுசுக்கும் ஒரே இடத்துல சாறு உறிஞ்சும். அது உறிஞ்ச இடம்தான் மஞ்சளாகுது. குஞ்சுங்க காத்துல பறந்து அடுத்த செடிக்குப் போகும். இதுக்கு ஆகாத ஒரே சமாச்சாரம் மழை, அடிச்சுத் தள்ளிடும். இங்கதான் அம்மா மாட்டினாங்க. சாரல்ல நனைஞ்சு அழுகிடுமேன்னு பாசத்துல தொட்டியை சன்ஷேடுக்குக் கீழ நகர்த்தி வச்சிருக்காங்க. பூச்சிக்கு ராஜவாழ்க்கை.

அந்தச் சிவப்பை நோண்டிப் பார்க்கப் போய்த்தான் ஆச்சி சொன்னதுக்கு அர்த்தம் புரிஞ்சுது.

ஐரோப்பாவுல ஒரு காலத்துல இந்தச் சிவப்புக்கு பெரிய மவுசு. காய வச்ச பூச்சி ஒரு பவுண்டு வேணும்னா சுமார் 70,000 பூச்சி சாகணும். மெக்சிகோவுல வாஹாக்கா பகுதியில வளர்த்தாங்க, வியாபாரம் மொத்தமும் ஸ்பெயின் கையில. உயிரோட பூச்சியை வெளிய விடவே மாட்டாங்க. 1777ல தியரி த மெனோன்வில்னு ஒரு பிரெஞ்சு தாவரவியல்காரர் அங்கே போய்த் திருடிக்கிட்டு வந்தார். பாஞ்சாலங்குறிச்சிக்கு 1799ல வந்த பட்டாளத்தை நினைச்சுக்கோங்க. பிரிட்டிஷ் சிப்பாய் கோட்டுக்கு மலிவான வேர்ச் சாயம், ஆபீசர் கோட்டுக்கு இந்தப் பூச்சிச் சாயம். அந்தச் சிவப்புக்கு பிரிட்டிஷ்காரன் ஸ்பெயின்காரனுக்குக் காசு அழுதுக்கிட்டு இருந்தான்.

கும்பினிக்கு வயிறு எரியாதா? மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு டாக்டர், கும்பினி மருத்துவத் துறையில பெரிய ஆளு, செடிப் பைத்தியம். 1786ல உள்ளூர்ப் பூச்சி ஒண்ணைப் பார்த்துட்டு "கிடைச்சுடுச்சு"ன்னு லண்டன்ல இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமா எழுதித் தள்ளினார். அது வேற பூச்சி. மனுஷன் விடலை. சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டாங்க, பார்த்துக்க மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி. லண்டன் கியூ தோட்டத்துல இருந்தெல்லாம் கள்ளி வந்துச்சு. சாயம் வராட்டியும் கப்பல்காரங்களுக்கு ஸ்கர்வி வராம இருக்க கள்ளி மடலைத் திங்கக் குடுக்கலாம்னு யோசனை வேற சொன்னார். (நம்ம சைதாப்பேட்டைதாங்க, இப்ப மெட்ரோ ஓடுதே அதே இடம்.) நெசப் பூச்சியைக் கொண்டு வர்றவனுக்கு 2,000 பவுண்டு பரிசுன்னு கும்பினி அறிவிச்சுது.

1795ல நீல்சன்னு ஒரு கேப்டன் பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல இருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியோட வந்து இறங்கினார். ஒரே கொண்டாட்டம். ஆனா அது மெக்சிகோவோட உயர்ந்த ஜாதி இல்லை, காட்டு ஜாதி. சாயம் மட்டம், பஞ்சு ஜாஸ்தி. மெக்சிகோ சரக்கு முன்னாடி நிக்கவே முடியலை. திட்டம் படுத்துடுச்சு. அப்புறம் 1856ல பெர்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடிச்சு மொத்த வியாபாரத்துக்கும் ஆணி அடிக்க ஆரம்பிச்சார்.

ஆனா பூச்சிக்கு கும்பினி கணக்கு தெரியாதே. அது பாட்டுக்கு சாப்பிட்டுது. வட இந்தியாவுல ஒரு ஜாதிக் கள்ளி காடாப் பரவிக் கிடந்தது மஞ்சளாகி மஞ்சளாகிச் சரிய ஆரம்பிச்சுது. இதைக் கவனிச்சு 1836-38ல வேணும்னே தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்து விட்டாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு இலங்கைக்கும் போச்சு. களையை ஒழிக்க ஒரு பூச்சியை மனுஷன் தெரிஞ்சே பயன்படுத்தினதுக்கு உலகத்துலயே முதல் உதாரணம்னு இதைத்தான் சொல்றாங்க. சாயத்துல தோத்ததுக்கு இப்படி ஒரு பேரு.

இதுல ஒரு சிக்கல். அந்தப் பூச்சி ஒரே ஒரு ஜாதிக் கள்ளியைத்தான் தொடும். அது காலியானதும் தெற்குல இன்னொரு ஜாதி, அதாவது என் தொட்டியில இருக்கற மஞ்சப்பூ ஜாதி, குளத்தாங்கரை, தரிசு, மேய்ச்சல் நிலம்னு ஆக்கிரமிச்சுது. வெட்டினா ஒவ்வொரு துண்டும் வேர் விடும். எரிக்கலாம்னா உள்ள பூராத் தண்ணி, லேசுல பத்தாது. ஆடு மாடு வாய் வைக்க முடியாது. செருப்பில்லாத கால் எல்லாம் முள்ளு. இங்க ஒண்ணு சொல்லணும், எல்லாரும் அதை வெறுத்தாங்கன்னு எழுதினா அது பொய். காசில்லாதவனுக்கு அதுதான் வேலி. பஞ்சத்துல முள்ளைத் தீயில வாட்டிட்டு மாட்டுக்குப் போட்டிருக்காங்க. பழத்துக்குள்ள இருக்கற நட்சத்திர முள்ளை எடுத்துட்டுத் தின்னு நாக்கு சிவந்த பசங்க எத்தனையோ பேர்.

ஆஸ்திரேலியாவுலயும் இதே தலைவலி. 1912ல கிளம்பின அவங்க ஆராய்ச்சிக் குழு ஊர் ஊராப் போய், நம்ம பக்கத்துப் பழைய பூச்சியையும் வாங்கிட்டுப் போனாங்க. அது அங்கேயும் தன் ஒத்தை ஜாதியை மட்டும் தின்னுட்டு நின்னுடுச்சு. மத்த ஜாதிகளுக்காக அமெரிக்கக் கண்டத்துல தேடினப்ப இன்னொரு கொச்சினீல் சிக்குச்சு. அது ஆஸ்திரேலியாவுல இருந்து 1924ல இலங்கைக்கு வந்து, 1926ல கடல் தாண்டி நம்ம பக்கம் இறங்குச்சு. வேலை சுலபம். பூச்சி பிடிச்ச மடலை வெட்டி நல்ல கள்ளி மேல வச்சுட்டா போதும். அஞ்சாறு வருஷத்துல தென்னிந்தியாவுல சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளி ஒழிஞ்சதா ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. அப்ப தென்காசி திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ள இருந்துச்சு (தனி மாவட்டம் ஆனது 2019ல). ஆச்சியோட அப்பா அப்ப சின்னப் பையன். அவர் சொன்ன "மஞ்சள்" இதுதான்.

அதே பூச்சி 2014ல மொராக்கோவுல தலைகாட்டுச்சு. அங்கே கள்ளிப்பழம் ஏழைங்களோட பயிர். மஞ்சளான கள்ளியைப் பிடுங்கிப் புதைக்கவும் எரிக்கவும் அரசாங்கமே இறங்க வேண்டி வந்துச்சு. நம்ம மத்திய அரசு 2022ல வறண்ட நிலத்துல கள்ளி நடறதைப் பத்தி யோசிச்சுது. தாத்தா காலத்துல ஒழிச்சதை பேரன் காலத்துல நடறோம்!

சரி, வைத்தியத்துக்கு வருவோம். பாதிக்கு மேல மஞ்சளான மூணு மடலை வெட்டினேன். மிச்சத்துல பழைய டூத்பிரஷை சோப்புத் தண்ணியில தொட்டுத் தேய்ச்சேன். முள் இடுக்குல மட்டும் ஸ்பிரிட் நனைச்ச பஞ்சு. வெயில் தாழ்ந்ததும் வேப்பெண்ணெய் கலந்த தண்ணி தெளிச்சாச்சு. வாரம் ஒருதடவை, ஒரு மாசத்துக்கு இதே வேலைன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். மண்ணுல பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடி ஓட்டையைப் பெருசாக்கி, தொட்டியைத் திரும்ப வெளியில வச்சாச்சு. இனிமே சாரலே அடிச்சுக் கழுவட்டும். ஏற்கெனவே மஞ்சளான திட்டு பச்சையாகாது, வடுவா நிக்கும். புது மடல் பச்சையா வந்தா போதும்.

விரல்ல ஒட்டின சிவப்போட கீழ இறங்கினேன். ஆச்சி திண்ணையில உக்காந்திருந்தாங்க.

"வெட்டுனதை எங்கல போட்ட?"

"கவர்ல போட்டுக் கட்டி வச்சிருக்கேன் ஆச்சி. எரிச்சுரணும்."

"கோட்டிக்காரப் பய. வாய்க்கால் கரையில அம்புட்டுக் கள்ளி நிக்கி. அதுமேல கொண்டுபோய் வச்சிருக்கலாம்லா?"