முன்கட்டும் பின்கட்டும்

1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், வயலும் ஏரியுமாகக் கிடந்த ஊர்கள் பட்டணத்துக் குமாஸ்தாக்களின் கண்ணில் பட்டுவிட்டன. 1937ல் கிறிஸ்துவக் கல்லூரியே தாம்பரத்துக்குக் குடிவந்துவிட்டது. குரோம்பேட்டையில் மனை வாங்கினால் வண்டியேறி ஆபீஸ் போய்விடலாமே!

மனை சரி, வீடு? கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்க வேண்டும். மாதத் தவணைக்குச் சம்பளம் போதாது. ஆகவே குடித்தனம் வைக்க வேண்டும்.

எங்கள் வீடு 1963ல் அப்படித்தான் எழுந்தது. காற்று வரும் முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்களாகிய நாங்கள் கிணற்றடிப் பின்கட்டில் ஒடுங்கினோம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. ஆனால் புது வீட்டுக்கு ஐந்து வருஷம் விலக்கு உண்டு. அப்பா மனச்சாட்சிக்குப் பங்கமில்லாமல் பத்து மாத வாடகை வாங்கினார். (2019ல் அமலுக்கு வந்த புதுச் சட்டம் வீடுகளுக்கு மூன்று மாதம் என்கிறது.) வாங்கிய பணம் மாடிப்படிக்குச் சிமெண்டாகிவிட்டது.

முதல் குடித்தனக்காரருக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று அம்மா அழுதாள். தங்கள் குழந்தைகளைப் பிரிகிற துக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அம்மாவின் கையில் வளையல் இல்லை.

பிறகு மூன்று குடும்பங்கள் வந்து போயின. பத்திரம் மீண்டபோது அப்பாவுக்கு அறுபது வயது. அதை இரண்டுமுறை படித்துப் பார்த்தார். முன்கட்டில் இருந்தவர்கள் பெயர் ஒன்றும் அதில் இல்லை.

முன்கட்டுக்கு நாங்கள் குடிபோனோம். அங்கே தூக்கம் வரவில்லையென்று அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கே திரும்பிவிட்டார்.