உருவிவிடும் கைக்கும் ஒரு வரலாறு உண்டு

நாற்று நட்டு இடுப்பு பிடித்துக்கொண்டாலும், குடம் தூக்கிக் கழுத்து சுளுக்கினாலும், கனகம்மாசத்திரம் பக்கம் முதலில் தேடுவது சுளுக்கு எடுக்கிற அம்மாவைத்தான். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி மெல்ல உருவிவிடுவாங்க. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு நீவிவிட்டதும் இதே போன்ற கைகள்தான்.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். புற மருத்துவம் 32-ல் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என 9 முறைகள் சொல்வாங்க. நம்ம பாட்டிமார் இதை ஏட்டில் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றாங்க.

எலும்பு முறிவுக்குப் பக்கத்து ஆந்திராவின் புத்தூர் கட்டு பேர் வாங்கிவிட்டது. சுளுக்கு எடுத்த பெண்களுக்குப் பெரும்பாலும் வெற்றிலை பாக்கோடு சரி.

இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. மசாஜ் என்றாலே தப்பாகப் பேசிய காலம். 1894-ல் 4 நர்சுகள் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினாங்க. பயிற்சி, பரீட்சை, கட்டுப்பாடு எல்லாம் வைத்துத் தொழிலின் மானத்தைக் காப்பாற்றினாங்க. 1920-ல் அரசப் பட்டயம் கிடைத்தது. இன்று அந்த நாட்டில் பிசியோதெரபிக்காரர்களின் பெரிய சங்கம் அதுதான்.

கைத்திறன் இரண்டு இடத்திலும் இருந்தது. சங்கம் அங்கேதான் இருந்தது. சங்கத்தின் அருமை நமக்குத் தெரியாததா? இந்தக் கை தெரிந்த மூத்தவங்க இருக்கும்போதே, குழுக் கூட்டத்தில் பேசவைத்து நோட்டில் எழுதிவைப்போம். வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தால் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.