பழைய அமெரிக்கத் தானுந்துகளின் மூலப் பாக வேறுபாடுகள்

பழைய அமெரிக்கத் தானுந்துகளின் மூலப் பாக வேறுபாடுகள் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தால், ஒரே மாதிரிப் பெயரில், ஒரே ஆண்டுக்கெனத் தயாரிக்கப்பட்ட தானுந்துகள் (கார்கள்) ஆலையை விட்டு வெளிவந்தபோதே ஒன்றுக்கொன்று வேறுபட்ட பாகங்களைக் கொண்டிருந்ததைக் குறிக்கும். இவ்வேறுபாடுகள் எஞ்சின் உறுப்புகளிலும், குரோமியப் பட்டைகள், சின்னங்கள், சக்கர மூடிகள், இருக்கை உறைகள் போன்ற அலங்கார உறுப்புகளிலும் காணப்படுகின்றன. பழைய தானுந்துகளைச் சேகரிப்போர், மீட்டமைப்போர், போட்டிகளில் மதிப்பிடுவோர் ஆகியோருக்கு இது முதன்மையான சிக்கலாகும். ஒரு தானுந்தில் உள்ள பாகம் விளம்பரக் கையேட்டுடன் ஒத்துப்போகவில்லை என்பதால் மட்டும் அது பின்னர் மாற்றப்பட்டது என்று முடிவு செய்ய இயலாது.

மூலப் பாகம் என்பதன் பொருள்

சேகரிப்பாளர்களிடையே "மூலப் பாகம்" என்னும் சொல் பல பொருள்களில் வழங்குகிறது. அவற்றுள் மூன்றைப் பிரித்து அறிதல் வேண்டும்.

1. ஆலையில் குறிப்பிட்ட தானுந்தில் பொருத்தப்பட்டு, இன்றும் அதிலேயே இருக்கும் பாகம்.
2. அதே காலத்தில், அதே நிறுவனத்துக்காகத் தயாரிக்கப்பட்டு, வேறொரு தானுந்திலிருந்தோ கடையிலிருந்தோ பெறப்பட்ட பாகம்.
3. பழைய பாகத்தைப் பார்த்து அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட மறுஉருவாக்கப் பாகம்.

இவற்றுள் முதலாவது மட்டுமே முழுப் பொருளில் மூலப் பாகம் ஆகும். இரண்டாவது வகை தோற்றத்தில் சரியாக இருந்தாலும், அந்தத் தானுந்தின் வரலாற்றுக்குச் சான்றாக அமையாது. மூன்றாவது வகை பெரும்பாலும் ஓரிரு மாதிரிகளைப் பார்த்தே செய்யப்படுகிறது. இதனால், ஆலையில் பல வடிவங்களில் இருந்த ஒரு பாகம் மீட்டமைக்கப்பட்ட தானுந்துகளில் ஒரே வடிவத்தில் காணப்படும் நிலை ஏற்படுகிறது.

காரணங்கள்

பல வழங்குநர்கள்

பெரும் எண்ணிக்கையில் தானுந்துகளைத் தயாரித்த நிறுவனங்கள் ஒரே பாகத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வழங்குநர்களிடமிருந்து பெற்றன. ஒரு வழங்குநரின் ஆலையில் வேலைநிறுத்தமோ தீ விபத்தோ ஏற்பட்டாலும் உற்பத்தி நிற்காமல் இருக்க இம்முறை உதவியது. விலையைக் குறைப்பதற்கும் இது பயன்பட்டது. இரு வழங்குநர்களின் பாகங்களும் ஒரே பணியைச் செய்யும். ஆயினும் வடிவம், முத்திரை, பூச்சு ஆகியவற்றில் வேறுபடும்.

பல ஆலைகள்

தானுந்துகள் நாட்டின் பல பகுதிகளில் இருந்த ஆலைகளில் ஒன்று சேர்க்கப்பட்டன. ஒவ்வோர் ஆலையும் தன்னிடமிருந்த பழைய இருப்பு தீர்ந்த பின்னரே புதிய வடிவத்துக்கு மாறுவது வழக்கம். எனவே தலைமை அலுவலகம் ஒரு மாற்றத்தை அறிவித்த நாளும், அம்மாற்றம் ஒவ்வோர் ஆலையிலும் நடைமுறைக்கு வந்த நாளும் வேறு வேறாகும்.

ஆண்டின் இடையே செய்யப்பட்ட மாற்றங்கள்

அமெரிக்க நிறுவனங்கள் புதிய மாதிரியைப் பொதுவாக முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தன. இவ்வாறு குறிக்கப்படும் ஆண்டு "மாதிரி ஆண்டு" எனப்படும். மாதிரி ஆண்டின் நடுவிலும் குறைகளைக் களையவும் செலவைக் குறைக்கவும் பாகங்கள் மாற்றப்பட்டன. தொடக்கத்திலும் இறுதியிலும் தயாரான இரு தானுந்துகளின் பெயர் ஒன்றாயினும் பாகங்கள் ஒன்றாக இருப்பதில்லை.

தட்டுப்பாடு

போர்க்காலக் கட்டுப்பாடுகளாலும், பாகங்கள் உரிய நேரத்தில் வந்து சேராமையாலும் மாற்றுப் பாகங்கள் பயன்படுத்தப்பட்டன. ஒரு சிறு பாகத்துக்காக உற்பத்தி வரிசையை நிறுத்துவது மிகுந்த இழப்பைத் தரும் என்பதே இதற்குக் காரணம்.

விற்பனையாளர் பொருத்திய பாகங்கள்

வானொலி, வெப்பமூட்டி, கூடுதல் விளக்குகள் போன்றவற்றை ஆலையில் அல்லாமல் உள்ளூர் விற்பனையாளரே பொருத்துவதும் உண்டு. வாங்கியவர் இதைப் புதிய தானுந்தாகவே பெற்றார். ஆனால் ஆலையின் ஆவணங்களில் இப்பாகங்கள் இடம்பெறா.

எடுத்துக்காட்டுகள்

ஃபோர்டு மாடல் டி

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி தானுந்துகள் தயாரிக்கப்பட்டன. இவை அனைத்தும் கறுப்பு நிறத்தில் இருந்தன என்பது பரவலான கருத்தாகும். உண்மையில் கறுப்பு நிறம் மட்டும் என்ற நிலை 1914 முதல் 1925 வரையிலான மாதிரிகளுக்கே பொருந்தும். அதற்கு முன்னரும் பின்னரும் வேறு நிறங்கள் இருந்தன. கார்புரேட்டர்களை ஹாலி, கிங்ஸ்டன் உள்ளிட்ட நிறுவனங்கள் வழங்கின. எனவே ஒரே மாதத்தில் தயாரான இரு தானுந்துகளில் இருவேறு கார்புரேட்டர்கள் இருப்பது இயல்பே.

ஃபோர்டு மாடல் ஏ

1927 இறுதி முதல் தயாரிக்கப்பட்ட மாடல் ஏ வகையில் மூடிய உடலமைப்புகள் பலவற்றை பிரிக்ஸ், முர்ரே என்னும் இரு நிறுவனங்கள் செய்து கொடுத்தன. உடலின் உள்விவரங்களில் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. தொடக்கத்தில் ஓட்டுநரின் இடப்பக்கம் இருந்த கைத்தடை நெம்புகோல் 1928 இல் நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. எஞ்சின்கள் முதன்மை ஆலையில் எண் பொறிக்கப்பட்டுத் தொலைவில் இருந்த கிளை ஆலைகளுக்கு அனுப்பப்பட்டன. இதனால் எஞ்சின் எண்ணுக்குரிய நாளுக்கும் தானுந்து முழுமை பெற்ற நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழிந்திருக்கலாம்.

1942 ஆம் ஆண்டு மாதிரிகள்

1941 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் நுழைந்தது. குரோமியம் போன்ற உலோகங்கள் படைத்துறைக்குத் தேவைப்பட்டதால், 1942 ஜனவரி முதல் பம்பர் தவிர்ந்த பெரும்பாலான அலங்காரப் பகுதிகளில் பளபளப்பான உலோகம் தடை செய்யப்பட்டது. இப்பகுதிகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான தானுந்து உற்பத்தியே நிறுத்தப்பட்டது. ஆகவே 1941 இலையுதிர் காலத்தில் தயாரான 1942 மாதிரியில் குரோமியப் பட்டைகளும், 1942 ஜனவரியில் தயாரான அதே மாதிரியில் வண்ணம் பூசிய பட்டைகளும் காணப்படும். இரண்டும் மூல நிலையே ஆகும். வண்ணம் பூசிய பட்டைக்கு இன்று குரோமியம் பூசுவது, அழகைக் கூட்டினாலும் வரலாற்றை அழிப்பதாகும்.

கொரியப் போர்க் காலம்

கொரியப் போரின்போது (1950–1953) நிக்கல் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. குரோமியப் பூச்சுக்கு அடியில் நிக்கல் படலம் இருப்பதே அதன் நீடிப்புக்குக் காரணம். அது குறைக்கப்பட்டதால் அக்காலப் பூச்சுகள் மெல்லியனவாக அமைந்து விரைவில் கெட்டன. இன்று இத்தானுந்துகளில் செய்யப்படும் தடித்த, கண்ணாடி போன்ற பூச்சு, அவை புதியனவாக இருந்தபோது பெற்றிருந்ததைவிட மேலானது.

1953 செவ்ரோலெட் கார்வெட்

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 1953 இல் 300 கார்வெட் தானுந்துகள் மட்டுமே கட்டப்பட்டன. அனைத்தும் வெள்ளை நிற உடலும் சிவப்பு நிற உட்புறமும் கொண்டவை. இத்துணைச் சிறிய எண்ணிக்கையிலும் சீர்மை இல்லை. கார்வெட்டுக்கென வடிவமைக்கப்பட்ட சக்கர மூடிகள் ஆயத்தமாகாததால், முதலில் கட்டப்பட்ட ஏறத்தாழ 25 தானுந்துகளில் செவ்ரோலெட் பெல் ஏர் வகையின் சக்கர மூடிகள் பொருத்தப்பட்டன. இதனை அறியாத ஒருவர், அம்மூடிகள் பின்னாளில் யாரோ மலிவாக மாற்றியவை எனக் கருதி அகற்றிவிடக்கூடும்.

ஃபோர்டு மஸ்டாங்

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகப்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் தயாரானவற்றைச் சேகரிப்பாளர்கள் "1964½" என்று அழைக்கின்றனர். ஆனால் ஃபோர்டு நிறுவனம் அவை எல்லாவற்றுக்கும் 1965 மாதிரிக்குரிய அடையாள எண்ணையே வழங்கியது. 1964 ஆகஸ்ட் அளவில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்டது. எஞ்சின் வகைகளும் மாற்றப்பட்டன. எனவே அடையாள எண்ணில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து ஒரு மஸ்டாங்குக்குரிய பாகங்களைக் கூற முடியாது. தயாரிப்பு நாளையும் அறிதல் வேண்டும்.

சான்றுகளும் அவற்றின் வரம்புகளும்

மூல நிலையை அறியப் பல சான்றுகள் பயன்படுகின்றன. எனினும் ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு.

- விளம்பரக் கையேடுகள்: இவை உற்பத்தி தொடங்கும் முன்னரே அச்சிடப்பட்டவை. படங்கள் ஓவியரால் வரையப்பட்டவையாகவோ முன்மாதிரித் தானுந்தின் ஒளிப்படங்களாகவோ இருக்கும்.
- உதிரிப்பாகப் பட்டியல்கள்: இவை பழுது நீக்குவதற்காக உருவாக்கப்பட்டவை. பழைய பாகத்தின் இடத்தில் அதற்குப் பதிலாக வந்த புதிய பாகத்தின் எண்ணே இருப்பதுண்டு.
- தரவுத் தகடுகள்: ஃபோர்டு தானுந்துகளின் கதவில் உள்ள தகடு நிறம், உட்புற வகை, நாள் ஆகியவற்றைக் குறியீடுகளால் காட்டும். ஆனால் அந்த நாள் திட்டமிடப்பட்ட நாளே தவிர, பணி முடிந்த நாள் அன்று.
- வார்ப்பு நாள்: செவ்ரோலெட் எஞ்சின்களில் மாதம் ஓர் எழுத்தாலும், நாளும் ஆண்டும் எண்களாலும் குறிக்கப்பட்டன. "சி 12 7" என்பது மார்ச் 12 ஆகும். ஆனால் ஆண்டு ஓர் இலக்கத்தில் உள்ளதால் அது 1957 ஆகவோ 1967 ஆகவோ இருக்கலாம். வார்ப்பு எண்ணைக் கொண்டே இதைத் தெளிவுபடுத்த இயலும். பாகத்தின் நாள் தானுந்தின் தயாரிப்பு நாளுக்கு முற்பட்டதாக இருத்தல் வேண்டும்.
- ஆலைப் பணித்தாள்கள்: எந்தத் தானுந்தில் எவற்றைப் பொருத்த வேண்டும் எனத் தொழிலாளருக்கு அறிவித்த இத்தாள்கள் சில வேளைகளில் இருக்கைக்கு அடியிலோ எரிபொருள் தொட்டியின் மேலோ கிடைக்கின்றன. வேறொரு தானுந்தின் தாள் தவறுதலாக இருப்பதும் உண்டு.
- மீட்டமைக்கப்படாத தானுந்துகள்: இவையே மிக வலுவான சான்றாகும். ஆயினும் ஒரே ஒரு தானுந்து போதாது. அது வாங்கிய முதலாண்டிலேயே பழுது பார்க்கப்பட்டிருக்கலாம். ஒரே ஆலையில் நெருங்கிய நாள்களில் தயாரான பல தானுந்துகளில் ஒரே பாகம் காணப்படுமாயின், அது ஆலையின் வழக்கமே எனக் கொள்ளலாம்.

தானுந்தின் உடலையும் ஆராய்தல் வேண்டும். ஒரு சின்னத்தின் அடியில் பயன்படாத பழைய துளைகள் இருப்பின் அது பின்னர் மாற்றப்பட்டதாக இருக்கலாம். பட்டையின் அடியில் உள்ள நிறம் மங்காமல் பட்டையின் வடிவத்திலேயே இருப்பின் அது நெடுங்காலம் அவ்விடத்திலேயே இருந்ததாகும்.

மதிப்பீட்டு முறைகள்

1935 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பழைய தானுந்துக் கழகம், ஒரு தானுந்தை அதன் விற்பனையாளர் வாடிக்கையாளருக்கு ஆயத்தப்படுத்தி வழங்கியிருக்கக்கூடிய நிலையுடன் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. மூல உறுப்புகளைப் பேணும் மீட்டமைக்கப்படாத தானுந்துகளுக்கு அக்கழகத்தில் தனிப் பிரிவு உள்ளது. 1974 இல் தொடங்கப்பட்ட தேசியக் கார்வெட் மீட்டமைப்பாளர் கழகம் "வழமையான ஆலை உற்பத்தி" என்பதை அளவுகோலாகக் கொள்கிறது. இதன்படி ஆலையில் இயல்பாக இருந்த குறைகள் குறைகளாகக் கருதப்படுவதில்லை. ஆலையில் இல்லாத மிகையான பளபளப்பே வேறுபாடாகக் கருதப்படுகிறது. மாடல் ஏ கழகங்கள் வெளியிட்டுள்ள வழிகாட்டி நூல், புதிய சான்றுகள் கிடைக்கும்போது திருத்தப்படுகிறது.

மீட்டமைப்பில் எழும் சிக்கல்கள்

மூலப் பாகங்கள் உள்ள தானுந்துக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கிறது. இதனால் எஞ்சினில் உள்ள எண்களைத் தேய்த்தழித்துப் புதிய எண்களைப் பொறிக்கும் மோசடியும் நிகழ்கிறது. வாங்குவோர் எண்களை மட்டும் பார்க்காமல், எண் பொறிக்கப்பட்ட பரப்பில் ஆலை இயந்திரத்தின் இழைப்புக் கோடுகள் உள்ளனவா என்பதையும் பார்ப்பது இதனாலேயே.

மோசடியைவிடப் பெரிய இழப்பு நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் திருத்தத்தால் ஏற்படுகிறது. நூலில் உள்ளதற்கு மாறாக இருக்கும் பாகத்தை உரிமையாளர் அகற்றிவிட்டு "சரியான" பாகத்தைப் பொருத்துகிறார். அப்பாகம் ஆலையிலேயே பொருத்தப்பட்டதாக இருந்திருப்பின், அது அகற்றப்பட்டதும் சான்று மறைகிறது. அடுத்து ஆராய்பவர் நூலுடன் முற்றிலும் ஒத்துப்போகும் இன்னொரு தானுந்தைக் காண்கிறார். இதனால் நூலில் உள்ள பிழை மேலும் உறுதிப்படுகிறது.

எனவே ஐயத்துக்குரிய பாகத்தை அகற்றும் முன்னர் அதனை ஒளிப்படம் எடுத்தல், அதிலுள்ள எண்களையும் நாளையும் குறித்துக்கொள்ளுதல், நெருங்கிய அடையாள எண் கொண்ட பிற தானுந்துகளுடன் ஒப்பிடுதல், அகற்றிய பாகத்தைத் தானுந்துடனேயே பாதுகாத்தல் ஆகியவை இன்றியமையாதன. பெயின்டை மீண்டும் பூசலாம், குரோமியத்தை மீண்டும் பூசலாம். ஆனால் ஒரு தானுந்து மூல நிலையில் இருப்பது ஒரு முறை மட்டுமே.