மானும் யானையும்

மோட்டார் வண்டிகளின் சரித்திரம் எழுதுகிறவர்கள் எஞ்சினீயர்களின் பெயர்களையே அடுக்கிக்கொண்டு போவார்கள். அந்த வரிசையில் வரி விதிப்பவருக்கும் ஓர் ஆசனம் போட வேண்டும் என்பது என் கட்சி. 1962-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த இரண்டு வண்டிகள் இதற்குச் சாட்சி. ஒன்று மான், மற்றது யானை.

மான், இங்கிலாந்தின் லோட்டஸ் எலான். லோட்டஸ் என்றால் தாமரை அல்லவா? பெயருக்கேற்ற மென்மைதான். இருவர் மட்டும் அமரலாம். எடை ஏறக்குறைய 680 கிலோ. மேலே கண்ணாடி நாரினாலான கூடு. உள்ளே முதுகெலும்பு போல ஓடும் ஓர் எஃகுச் சட்டம். லோட்டஸ் அதிபர் காலின் சாப்மனுக்கு எடையைக் குறைப்பதே ஒரு விரதம். எடை குறைந்தால் சிறிய எஞ்சினே போதும். வளைவில் வண்டி சொன்னபடி திரும்பும். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும்.

யானை, அமெரிக்காவின் ஜீப் வேகனீர். புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது. குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, நான்கு சக்கரமும் உந்தப் பனியிலும் சேற்றிலும் போகும். பிற்காலத்தில் 'கிராண்ட் வேகனீர்' என்ற பட்டத்தோடு வந்தபோது அதன் எடை சுமார் 2,000 கிலோ, எஞ்சின் 5.9 லிட்டர். தராசின் ஒரு தட்டில் அதை வைத்தால், மறு தட்டில் மூன்று மான்களை நிறுத்த வேண்டும்!

இனி, வரியின் கதைக்கு வருவோம். அந்நாளில் பிரிட்டனில் எலானைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. இளைஞர்கள் பலர் இப்படித்தான் மானைப் பிடித்தார்கள். 1973-இல் கொள்முதல் வரி போய், மதிப்புக் கூட்டு வரி வந்தது. அந்தச் சலுகையும் போயிற்று. இரண்டு ஆசன எலானின் உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. வரி மட்டுமே காரணம் என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் அதன் பங்கை மறுப்பதற்கில்லை.

அதே 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. யானையல்லவா முதலில் பட்டினி கிடந்திருக்க வேண்டும்? அமெரிக்கா 1975-இல் எரிபொருள் சிக்கனத்துக்குச் சட்டம் செய்தது. ஆனால் பயணிகள் கார்களுக்கு ஓர் அளவுகோல், இலகு லாரிகளுக்கு அதைவிடத் தளர்ந்த இன்னோர் அளவுகோல் என்று ஆயிற்று. தோல் மெத்தையும் பக்கவாட்டில் மரம் போன்ற ஒட்டும் பூண்ட வேகனீர், சட்டத்தின் கண்ணுக்கு ஒரு லாரி! 1991 வரை அது கம்பீரமாக நடந்தது.

1989-இல் ஜப்பானின் மாஸ்டா எலானை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சிறு வண்டி செய்து வெற்றி கண்டது உண்மைதான். ஆயினும் சாலைகளில் பெருகியது யானையின் வம்சமே. இதில் ருசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டும் மோதினால் நொறுங்குவது மான்தான். ஆகவே ஒருவர் யானை வாங்கியதும், அடுத்த வீட்டுத் தாய் தன் குழந்தையை எண்ணி அஞ்சித் தானும் யானை வாங்குகிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அச்சத்துக்கு இடம் வைத்துச் சட்டம் எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.