நீர்கோர்த்த நடுச்செவி அழற்சி

நீர்கோர்த்த நடுச்செவி அழற்சி என்பது காய்ச்சல், கடும் காதுவலி போன்ற தீவிரத் தொற்றின் அறிகுறிகள் இன்றி, செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியில் நீர்மம் தேங்கியிருக்கும் நிலை ஆகும். இந்நீர்மம் சில வேளைகளில் பசைபோல் தடித்துவிடும். ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பிகளை வழக்கமான மருந்தாகக் கொடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை.

காரணங்கள்

நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் யூஸ்டேசியன் குழல் இணைக்கிறது. குழந்தைகளில் இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் அமைந்துள்ளது. சளி, ஒவ்வாமை, அடினாய்டு வீக்கம் ஆகியவற்றால் இது சரிவர இயங்காதபோது நடுச்செவியில் நீர் கோர்க்கிறது. தீவிர நடுச்செவித் தொற்று ஆறிய பின்னரும் நீர் தங்குவதுண்டு. பிளவு அண்ணம், டவுன் நோய்க்கூட்டறிகுறி உடைய குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

அறிகுறிகள்

முதன்மையான அறிகுறி கேட்கும் திறன் குறைதல் ஆகும். இக்குறைவு பெரும்பாலும் 20 முதல் 30 டெசிபல் வரை இருக்கும். வலி குறைவாக இருப்பதால் பெற்றோர் இதை எளிதில் உணர்வதில்லை. கூப்பிட்டால் திரும்பாமை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தல், பேச்சு தாமதமாதல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. மொழி கற்கும் பருவத்தில் இந்நிலை நீடித்தால் பேச்சும் படிப்பும் பாதிக்கப்படலாம்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் பயன்

நீர்மத்தில் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். எனவே அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் நீண்டகாலம் கொடுக்கப்பட்டு வந்தன. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான காக்ரேன் மீளாய்வின்படி, மருந்து உட்கொண்டவர்களில் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் நீர் வற்றியவர்கள் சற்று அதிகம். ஆயினும் கேட்கும் திறன் மேம்பட்டதற்குப் போதிய சான்று இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி, தோல் தடிப்பு ஆகிய பக்க விளைவுகளும் கூடின. மருந்தெதிர்ப்புத் திறனுடைய பாக்டீரியாக்கள் பெருகுவதும் ஒரு தீங்காகும். இவ்வகை அழற்சிக்கு இம்மருந்துகளைத் தவிர்க்குமாறு 2016 இல் அமெரிக்க வழிகாட்டுதலும் 2023 இல் பிரித்தானிய வழிகாட்டுதலும் கூறின.

தீவிர நடுச்செவித் தொற்று இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு, சிறப்பாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, நுண்ணுயிர் எதிர்ப்பி தேவைப்படலாம்.

மருத்துவம்

பெரும்பாலோருக்கு நீர் தானாகவே வற்றிவிடுகிறது. ஆகவே மூன்று மாதங்கள் கண்காணித்து, நீடித்தால் கேட்டல் சோதனை செய்யப்படுகிறது. தேவைப்படின் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துதல், அடினாய்டை அகற்றுதல், செவித்துணைக் கருவி ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. பிளவு அண்ணம், பேச்சுத் தாமதம் போன்றவை உடைய குழந்தைகளுக்கு முன்னதாகவே சோதனை தேவை. காதில் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை. முழுமையான செவிப்பறை அதை உள்ளே விடாது.

இந்தியாவில்

மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் வழிகளை வகுக்க, 2012 இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச் முதல் செபிக்சிம் உள்ளிட்ட பல நுண்ணுயிர் எதிர்ப்பிகள் எச்1 அட்டவணையின்கீழ் வந்தன. இவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும்.