டிவியில் தெரியாத ஹார்ட் டிஸ்க்: ஐந்து வரிச் சீட்டுக்கு ஓர் உரை

திருப்புட்குழியில் பல வீட்டு பீரோக்களில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மகளின் கல்யாணம், பேரனின் காதுகுத்து, விஜயராகவப் பெருமாள் புறப்பாடு எல்லாம் அதற்குள்தான். டிவியிலோ மீடியா பிளேயரிலோ செருகிப் பார்த்து ஒன்றும் வராவிட்டால், "டிஸ்க் போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது போயிருக்காது. அதற்காகத்தான் ஐந்து வரிச் சீட்டு ஒன்றை எழுதித் தெருவில் கொடுத்தேன். யாதவப்பிரகாசரிடம் இராமாநுஜர் பாடம் கேட்டது இவ்வூரில் என்று வைணவ மரபு சொல்கிறது. ஆசிரியர் சொன்ன பொருளோடு மாணவர் மாறுபட்ட கதையும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் மூலத்தை மட்டும் கொடுத்து உரை சொல்லாமல் விடுவது சரியில்லை.

"முதலில் கரண்ட் போதுமா என்று பாருங்கள்."

கையடக்கமான டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டை நம்பியே உள்ளேயிருக்கும் தட்டு சுழல வேண்டும். வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 சுற்று. நின்ற தட்டு கிளம்பும் முதல் சில விநாடிகளில்தான் அது அதிகக் கரண்ட் இழுக்கும். சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரைகூடக் கேட்கும். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் அளவோ 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. பழைய டிவிடி பிளேயரிலும் செட்டாப் பாக்ஸிலும் அதுவே முழுதாகக் கிடைக்குமா என்பது சந்தேகம்.

"அதே ஓட்டையில் பென் டிரைவ் ஓடுதே?" என்று கேட்பார்கள். பென் டிரைவில் சுழல ஒன்றுமில்லை, கொஞ்சம் கரண்டே போதும். அது ஓடுவதை வைத்துப் போர்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். விர்ரென்று கிளம்பி, டிக் என்று நின்று, மறுபடி கிளம்பினால் கரண்ட் பற்றவில்லை என்று கொள்ளலாம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பை இடையில் வைத்தால் பல டிஸ்க்குகள் அப்போதே தெரியும். கம்ப்யூட்டரில் செருகியும் அதே டிக் டிக் கேட்டால் கதை வேறு: உள்ளே ஹெட் பழுதாகியிருக்கலாம். மறுபடி மறுபடி செருகிப் பார்க்காமல் டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

"பிறகு கேபிளை மாற்றுங்கள்."

நீளமான, மெலிந்த கேபிளில் வோல்ட்டேஜ் இறங்கும். குட்டையான கேபிளே நல்லது. 3.0 டிஸ்க்குகள் பலவற்றில் இருக்கும் அந்த அகன்ற தட்டை முனை சீக்கிரம் ஆட்டம் காண்பது, அதையும் கவனியுங்கள்.

"கம்ப்யூட்டரில் தெரிந்தால், எந்த ஃபார்மட் என்று பாருங்கள்."

சீட்டில் உரை மிகவும் தேவைப்படும் வரி இதுதான். கம்ப்யூட்டரில் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்க் கணக்கு வைத்துக்கொள்ளும் முறைகள் இவை. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாத பெட்டிக்கு, படம் நிறைந்த டிஸ்க்கும் காலியாகத்தான் தெரியும்.

ஃபேட்32-ஐ ஏறக்குறைய எல்லாப் பெட்டியும் படிக்கும். ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. முகூர்த்த வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். அதனால் ஸ்டுடியோக்காரர்கள் மற்ற இரண்டில் ஒன்றில் தருகிறார்கள். எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது. டிவிகளும் மீடியா பிளேயர்களும் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளியிட்ட பிறகுதான் லினக்ஸ் கெர்னலிலேயே அது சேர்ந்தது. அதற்கு முந்தைய பெட்டிகளில், தயாரித்தவர் உரிமம் வாங்கிச் சேர்த்திருந்தால்தான் உண்டு. உங்கள் வீட்டில் தெரியாத டிஸ்க் பக்கத்து வீட்டுப் புது டிவியில் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மேக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பெரும்பாலான டிவிகள் படிக்காது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளின் பகுப்பு முறையே வேறு. அதுவும் பழைய பெட்டிகளுக்குப் புரியாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருந்தால், சில பெட்டிகள் அதைத் தொடவே மறுக்கும். கம்ப்யூட்டரில் போட்டு, முக்கியமானவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து, பிழை சோதனை ஓட்டி, ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து எடுங்கள்.

"ஃபார்மட் செய்யவா என்று டிவி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்."

இந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியுள்ள டிவியும் செட்டாப் பாக்ஸும், தமக்குப் புரியாத டிஸ்க்கைக் கண்டால் ஃபார்மட் செய்ய அனுமதி கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்தினால் கல்யாணத்தின் கணக்குப் புத்தகமே அழியும். அப்படி அழுத்திவிட்டாலும் அதன்மேல் புதிதாக எதையும் பதியாமல் வைத்திருந்தால் மீட்க வழி இருக்கலாம். ஒரு சீரியலைப் பதிந்துவிட்டால் அந்த வழி அடைபடும்.

"பெயர் தெரிந்து படம் ஓடாவிட்டால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள்."

கோப்பின் பெயர் திரையில் வந்துவிட்டால் கரண்ட், கேபிள், ஃபார்மட் மூன்றும் சரி. அந்த வீடியோவைச் சுருக்கிய முறை பெட்டிக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஹெச்265-இல் வந்த 4கே படத்தைப் பழைய பிளேயர் காட்டாது. படம் ஓடிச் சத்தம் மட்டும் வராவிட்டால் டிடிஎஸ் ஒலியாக இருக்கலாம். வீடியோ எடுத்தவரிடம் ஹெச்264 எம்பி4 நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்பை அழிக்காமல், அந்த நகலை இன்னொரு டிஸ்க்கில் வாங்குவது நல்லது.